அமெரிக்காவின் முற்போக்குக் காலம்: ஓர் எளிய அறிமுகம்

1900-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வருமான வரி கட்டுவதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வரியே இல்லை. குழந்தைக்கு வாங்கும் பாலில் என்ன கலந்திருக்கிறது என்று தட்டிக்கேட்க மத்திய அரசில் அதிகாரம் உள்ள ஆள் கிடையாது. பத்து வயதுப் பையன் நூற்பாலைக்கு வேலைக்குப் போகலாம். நாடு முழுவதற்குமாக அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. மேற்கே நான்கு மாநிலங்களைத் தவிர வேறெங்கும் அம்மாவுக்கு முழு வாக்குரிமை இல்லை. அப்பாவுக்கு உண்டு. ஆனால் அவரும் செனட்டருக்கு ஓட்டுப் போட முடியாது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

1920 முடிவதற்குள் இதில் பெரும்பாலானவை மாறிவிட்டன. 1913-க்கும் 1920-க்கும் நடுவில் மட்டும் அரசியல் சட்டம் நான்கு முறை திருத்தப்பட்டது. ஏறக்குறைய 1890-களில் தொடங்கி 1920 வரையிலான இந்தக் காலகட்டத்தைத்தான் வரலாற்றாசிரியர்கள் 'முற்போக்குக் காலம்' என்கிறார்கள்.

இது ஒரு கட்சியோ, ஒரே தலைவரின் பின்னால் போன கூட்டமோ இல்லை. குடியரசுக் கட்சியிலும் இருந்தார்கள், ஜனநாயகக் கட்சியிலும் இருந்தார்கள். சர்ச் போதகர்கள், பத்திரிகைக்காரர்கள், பேராசிரியர்கள், தொழிற்சங்கத்தினர், கல்லூரி முடித்தும் வேலை கிடைக்காத பெண்கள் என்று பலதரப்பட்ட ஆட்கள். மதுவிலக்குக்காகப் போராடியவருக்கும் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவருக்கும் பல நேரம் ஆகாது. இவர்களை ஒரே பெயரில் அழைக்க முடிவதற்குக் காரணம் ஒரே கேள்விதான். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அரசு நுழையலாமா? அதுவரை வழக்கமான பதில், 'அது அவரவர் பாடு' என்பது. இவர்கள் நுழைந்தே ஆக வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு வழிமுறையும் வைத்திருந்தார்கள்: விவரங்களைத் திரட்டு, ஊரறியச் சொல், சட்டம் கொண்டு வா, அதைக் கண்காணிக்க விஷயம் தெரிந்த ஆளை உட்கார வை. கட்டுரையின் பின்பகுதிக்கு இந்தக் கடைசி அம்சம் தேவைப்படும்.

அந்தக் கேள்வி அப்போது எழுந்ததற்குக் காரணம் இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ரயில், எஃகு, எண்ணெய் எல்லாம் அசுர வேகத்தில் வளர்ந்தன. கிராமத்து ஜனங்களும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் நகரங்களில் குவிந்தார்கள். 1907 ஒரு வருடத்தில் மட்டும் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் குடியேறினார்கள். ஊர்கள் வீங்கின. குப்பை அள்ளவும் தண்ணீர் கொடுக்கவும் தீயை அணைக்கவும் இருந்த ஏற்பாடுகள் பழைய அளவிலேயே நின்றன.

சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் செய்த ஒரு காரியம் இந்தக் காலத்தின் குணத்தை நன்றாகக் காட்டும். வசதியான குடும்பத்துப் பெண். 1889-இல் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து, குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் 'ஹல் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கி, அங்கேயே குடியிருந்தார். தெருவில் குப்பை மலைபோல் கிடந்தது. மனு எழுதிப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் 1895-இல் அந்த வட்டத்தின் குப்பை ஆய்வாளர் பதவியை அவரே வாங்கிக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போய், ஒழுங்காக அள்ளுகிறார்களா என்று பார்த்தார். 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். எனக்கென்னவோ அந்தக் குப்பை வண்டி வேலைதான் அவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது.

தட்டில் விழுந்த விஷம்

உணவுக் கலப்படத்தை முதலில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மேலே சொன்ன வழிமுறை முழுதாக ஓடியது இதில்தான்.

அப்போது குளிர்பதன வசதி அரிது. கெட்டுப்போகாமல் இருக்க இறைச்சியில் போராக்ஸ் தூவினார்கள், பாலில் ஃபார்மால்டிஹைடு கலந்தார்கள். பிணத்தைப் பதப்படுத்தப் பயன்படும் அதே சரக்குதான். மத்திய வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி இதைப் பற்றிக் கத்திக்கொண்டே இருந்தார். 'அளவாகக் கலந்தால் ஒன்றும் ஆகாது' என்றன கம்பெனிகள். சரி, ஆகிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம் என்று 1902-இல் வாஷிங்டனில் தன் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சாப்பாட்டு அறை போட்டார் வைலி. பன்னிரண்டு இளைஞர்கள் முன்வந்தார்கள். மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. வெளியே எதுவும் சாப்பிடக் கூடாது. என்ன ஆனாலும் அரசு மேல் வழக்குப் போட மாட்டோம் என்று எழுதியும் கொடுக்க வேண்டும்.

முதலில் போராக்ஸை வெண்ணெயில் கலந்து வைத்தார்கள். இளைஞர்கள் விவரமானவர்கள், வெண்ணெயைத் தொடாமல் விட்டார்கள். பாலில் கலந்தார்கள், காபியில் கலந்தார்கள், அதையும் கண்டுபிடித்து ஒதுக்கினார்கள். கடைசியில் ஒளிவுமறைவே வேண்டாம் என்று கேப்ஸ்யூல் மாத்திரைகளில் அடைத்து நேராகவே விழுங்கச் சொன்னார்கள். சாப்பிட்டவர்களின் எடை, நாடித்துடிப்பு, சிறுநீர், மலம் எல்லாம் பதிவானது. வயிற்று வலி, தலைவலி, பசியின்மை என்று ஒவ்வொன்றாக வந்தது. பத்திரிகைகள் இவர்களுக்கு 'விஷப்படை' என்று பெயர் வைத்தன. நாடே இவர்களைப் பற்றிப் பேசியது.

இருந்தும் சட்டம் நகரவில்லை. நகர்த்தியது ஒரு நாவல். அப்டன் சின்க்ளேர் 1904-இல் ஏழு வாரம் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் சுற்றித் திரிந்து எழுதிய 'தி ஜங்கிள்' 1906-இல் புத்தகமாக வந்தது. தொழிலாளர்கள் எப்படிப் பிழியப்படுகிறார்கள் என்று காட்டுவதே அவர் நோக்கம், அவர் சோஷலிஸ்ட். வாசகர்களோ எலியும் அழுகல் இறைச்சியும் சாஸேஜில் போன பக்கங்களைப் படித்துக் குமட்டினார்கள். மக்களின் இதயத்துக்குக் குறி வைத்தேன், தவறிப்போய் வயிற்றில் பட்டுவிட்டது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இரண்டு பேரை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். நிலைமை மோசம் என்று அறிக்கை வந்தது. 1906 ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டம், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் இரண்டும் ஒரே நாளில் கையெழுத்தாகின.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரிய இறைச்சிக் கம்பெனிகளுக்கு இந்தச் சட்டம் அவ்வளவு கசக்கவில்லை. ஆய்வுச் செலவை அரசே ஏற்றது. அரசு முத்திரை இருந்தால் ஐரோப்பாவில் சரக்கு விற்பது சுலபம். விழி பிதுங்கியது சின்னக் கம்பெனிகளுக்குத்தான். சீர்திருத்தம் என்றாலே முதலாளி எதிர்ப்பார், ஏழை ஆதரிப்பார் என்ற கணக்கு இங்கே சரிப்பட்டு வராது.

சின்க்ளேரைப் போல ஊழலைத் தோண்டி எழுதியவர்களுக்கு 'மக்ரேக்கர்' என்று பட்டப்பெயர் வந்தது. சேற்றை வாருகிறவர்கள் என்று எரிச்சலில் ரூஸ்வெல்ட் சொன்னது. அவர்களில் கெட்டிக்காரர் என்று நான் நினைப்பது ஐடா டார்பெல்லை. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதத்தைக் கையில் வைத்திருந்தது. அது எப்படி நடந்தது என்று நீதிமன்ற ஆவணங்களையும் விசாரணைப் பதிவுகளையும் புரட்டி, 1902 முதல் பத்திரிகையில் தொடராக எழுதினார். ரயில் கம்பெனிகளோடு போட்ட ரகசியத் திட்டத்தை அவர் விளக்கியதைப் படித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஸ்டாண்டர்ட் அனுப்பும் சரக்குக்குக் கட்டணத் தள்ளுபடி என்பது ஒரு பக்கம். போட்டிக் கம்பெனி அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ரயில் கம்பெனி வசூலித்த கட்டணத்தில் ஒரு பங்கு ராக்ஃபெல்லர் தரப்புக்கு வர வேண்டும் என்பது இன்னொரு பக்கம். 1911-இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியை 34 துண்டுகளாக உடைத்தது. துண்டுகளின் பங்கு விலை ஏறியதில் ராக்ஃபெல்லர் இன்னும் பணக்காரர் ஆனார் என்பது வேறு கதை.

ஒரு சனிக்கிழமை மாலை

1911 மார்ச் 25. நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. ஒரு கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாவது தளங்களில் இயங்கியது. வேலை முடியும் நேரத்தில் எட்டாவது தளத்தில் துணித் துண்டுகள் கிடந்த தொட்டியில் தீப்பிடித்தது. அங்கிருந்து பத்தாவது தளத்துக்குத் தொலைபேசியில் தகவல் போனது. முதலாளிகள் இருந்தது அங்கேதான், அவர்கள் கூரை வழியாகத் தப்பித்தார்கள். ஒன்பதாவது தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது, தொழிலாளிகள் துணியைத் திருடிவிடுவார்களோ என்ற சந்தேகத்தில். வெளியே இருந்த இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் உடைந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது தளம் வரைதான் எட்டியது. ஜன்னலிலிருந்து குதித்தவர்களும் எரிந்தவர்களுமாக 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள், இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

முதலாளிகள் இருவர் மேல் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாமல் விடுதலையானார்கள். 1914-இல் சிவில் வழக்குகள் சமரசத்தில் முடிந்தபோது ஓர் உயிருக்குக் கிடைத்தது 75 டாலர்.

தீயை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸும் ஒருவர். பக்கத்தில் ஒரு வீட்டில் தேநீருக்கு வந்திருந்தார். தொழிலாளர் நிலையை ஆராய்வதுதான் அவர் வேலையே. மாநில அரசு அமைத்த தொழிற்சாலை விசாரணை ஆணையத்தில் இறங்கி வேலை செய்தார். அதன் தலைவர்கள் ராபர்ட் வாக்னர், அல் ஸ்மித் இருவரும் அரசியல்வாதிகள். அறிக்கை படித்தால் மறந்துவிடுவார்கள் என்று பெர்கின்ஸுக்குத் தெரியும். அதனால் நேரிலேயே அழைத்துக்கொண்டு போனார். ஒரு தொழிற்சாலையில் 'அவசர வழி' என்று எழுதிய சின்ன ஓட்டைக்குள் வாக்னரை ஊர்ந்து போக வைத்தார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே நின்றுவிட்டது. இன்னோரிடத்தில், இரவு முழுக்கக் கயிறு திரித்துவிட்டு விடியலில் வெளியே வரும் பெண்களை ஸ்மித் நேரில் பார்க்கும்படி செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. பெர்கின்ஸ் 1933-இல் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சரானார்.

வேடிக்கை என்னவென்றால், வாக்னரும் ஸ்மித்தும் 'டாம்மனி ஹால்' என்ற கட்சி இயந்திரத்தின் ஆட்கள். ஓட்டுக்கு உதவி, வேலைக்கு லஞ்சம், ஒப்பந்தத்தில் பங்கு என்று ஓடிய அமைப்பு அது. முற்போக்காளர்கள் ஒழித்துக்கட்டத் துடித்ததே இந்த மாதிரி இயந்திரங்களைத்தான். நியூயார்க்கின் மிகச் சிறந்த தொழிலாளர் சட்டங்கள் அந்தக் கையிலிருந்துதான் வந்தன.

குழந்தைகளும் நீதிமன்றமும்

குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் கதை இப்படிச் சுபமாக முடியவில்லை. 1900 மக்கள்தொகைக் கணக்கின்படி 10 முதல் 15 வயதுக்குள் சுமார் 17 லட்சம் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார். உண்மையைச் சொன்னால் உள்ளே விட மாட்டார்கள், அதனால் பைபிள் விற்பவர், தீ ஆய்வாளர் என்று ஆளுக்கொரு வேஷம் சொல்லி நுழைந்தார். குழந்தையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்துகொண்டார். பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியே குறிப்பு எழுதினார். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில், கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் சிறுவர்கள் முகமெல்லாம் கறுத்து உட்கார்ந்திருக்கும் அவருடைய படங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

1916-இல் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வேலை செய்த ஆலையின் சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக் கூடாது என்றது. வட கரோலினாவில் நூற்பாலையில் வேலை பார்த்த இரண்டு பையன்களின் அப்பா, டேகன்ஹார்ட், என் பிள்ளைகளின் உழைக்கும் உரிமையைப் பறிக்காதே என்று வழக்குப் போட்டார். 1918-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சட்டத்தை ரத்து செய்தது. சில ஆண்டுகள் கழித்து மகன்களில் ஒருவரைத் தேடிப்போய் ஒரு பத்திரிகையாளர் பேசினார். நாங்கள் தோற்றிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும், வளர்ந்த ஆள் நான், 105 பவுண்டுதான் இருக்கிறேன், படிப்பும் இல்லை என்றார் அவர். நாடு தழுவிய தடை நிலைத்து நின்றது 1938-க்குப் பிறகுதான்.

நீதிமன்றம் ஏன் இப்படி முட்டுக்கட்டை போட்டது? 1916 சட்டத்தில் அது சொன்ன காரணம், உற்பத்தி மாநிலங்களின் விவகாரம், மத்திய அரசு அதில் கை வைக்க முடியாது என்பது. மாநிலங்கள் சட்டம் போட்டாலும் வேறொரு காரணம் காத்திருந்தது: வேலைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று பேசிக்கொள்வது இரண்டு பேரின் ஒப்பந்தச் சுதந்திரம். பேக்கரித் தொழிலாளர்களுக்கு வாரம் 60 மணி நேரம் என்று நியூயார்க் வரம்பு வைத்ததை 1905-இல் 'லாக்னர்' வழக்கில் அந்தக் காரணம் சொல்லியே தள்ளிவிட்டார்கள். ஆனால் 1908-இல் வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ் புது உத்தியோடு வந்தார். சலவைத் தொழிலில் பெண்களுக்குப் பத்து மணி நேர வரம்பு வைத்த ஓரிகன் சட்டத்தைக் காக்க, நூறு பக்கத்துக்கு மேல் மனு கொடுத்தார். சட்ட வாதம் அதில் இரண்டே பக்கம். மீதி முழுக்க டாக்டர்களின், தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள். ஜெயித்தார். பெண் உடல் பலவீனமானது என்ற வாதத்தை வைத்து ஜெயித்ததால், பிற்காலத்தில் அதே தீர்ப்பைக் காட்டிப் பெண்களுக்குப் பல வேலைகளை மறுக்கவும் முடிந்தது.

ஓட்டு, வரி, மது

ஆட்சி முறையில் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட், கட்சி வேட்பாளரை மூடிய அறைக்குள் தலைவர்கள் முடிவு செய்வதை மாற்றி, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வைத்தார். மக்கள் கையெழுத்துத் திரட்டித் தாங்களே சட்டம் முன்மொழியும் முறையை ஓரிகன் 1902-இல் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 1911-இல் ஆளுநரையே பாதியில் வீட்டுக்கு அனுப்பும் உரிமையை மக்களுக்குக் கொடுத்தது. 2003-இல் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் ஆளுநரானது அந்த வழியில்தான். செனட் பதவி விலைக்குப் போன சம்பவங்கள் நாறிய பிறகு, 1913-இல் செனட்டர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள்.

அதே 1913-இல் வருமான வரியும் வந்தது. 3,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் 1 சதவீதம், ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் 7 சதவீதம். பெரும்பாலான குடும்பங்கள் அதன் எல்லைக்குள் வரவே இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்த வரிக்காக வாதாடிய பேராசிரியர் எட்வின் செலிக்மன். அந்த ஆண்டு அங்கே படிக்கப் போன அம்பேத்கருக்கு அவர் ஆசிரியர். முற்போக்குக் காலத்தின் பெரிய சிந்தனையாளரான ஜான் டூயியும் அம்பேத்கருக்குப் பாடம் எடுத்தார்.

மதுவிலக்கு எப்படி வந்தது என்று புரிய, இந்த வரியைத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை மத்திய அரசின் வருமானத்தில் பெரும் பங்கு மது மீதான வரி. அதை இழக்கத் துணிவு வந்தது வருமான வரி கையில் இருந்ததால். குடித்துவிட்டு அடிக்கும் கணவர்களால் நொந்த பெண்கள், சர்ச்சுகள், தொழிலாளி தெளிவாக வேலைக்கு வந்தால் போதும் என்ற முதலாளிகள், குடியேறிகளைப் பிடிக்காதவர்கள் எல்லாரும் ஒரே மேடையில் ஏறினார்கள். 1920-இல் அமலானது, கள்ளச்சாராயமும் கும்பல் ராஜ்யமும் பெருகி, 1933-இல் ரத்தானது.

பெண்கள் வாக்குரிமைக்கான கடைசிக் கட்டம் 1917-இல் வெள்ளை மாளிகை வாசலில் நடந்தது. ஆலிஸ் பால் தலைமையில் பதாகையோடு பேசாமல் நின்ற பெண்களைக் கைது செய்தார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் வழியாக வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற 36 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். 36-ஆவதாக 1920 ஆகஸ்டில் டென்னசி. எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியிருந்த 24 வயது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன், யாரும் எதிர்பாராமல் ஆதரித்து ஓட்டளித்தார். பாக்கெட்டில் அம்மா எழுதிய கடிதம் இருந்தது: நல்ல பிள்ளையாக இரு, ஆதரித்துப் போடு.

யாருக்கு முற்போக்கு?

அந்த ஓட்டுரிமை தென் மாநிலக் கறுப்பினப் பெண்களுக்கு ஏட்டளவில்தான் கிடைத்தது. அவர்களுடைய ஆண்களிடமிருந்து அது ஏற்கெனவே பறிக்கப்பட்டிருந்தது. அதையும் தேர்தலைச் சுத்தப்படுத்துகிறோம் என்ற பெயரில்தான் செய்தார்கள். ஓட்டுப் போட எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும், தலைவரி கட்டியிருக்க வேண்டும் என்று வைத்தார்கள். லூசியானாவில் 1896-இல் 1,30,000-க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904-இல் 1,342 பேர். 1913-இல் ஜனாதிபதியான உட்ரோ வில்சன் முற்போக்காளர் என்று பெயர் எடுத்தவர். அவர் ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே ஒதுக்கினார்கள். அதே ஆண்டு வாஷிங்டனில் நடந்த வாக்குரிமைப் பேரணியில், கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் கூட்டத்தில் காத்து நின்று, நடுவழியில் தன் இல்லினாய் அணியோடு சேர்ந்து நடந்தார். கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்ற சம்பவங்களைப் பற்றி விவரம் திரட்டி வெளியிட்டவர் அவர்; முற்போக்காளர்களின் வழிமுறையை அச்சுப் பிசகாமல் செய்தார், அவர் காலத்தில் மத்திய அரசின் சட்டம் மட்டும் வரவில்லை. 1917-இல் வந்த குடியேற்றச் சட்டம், இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆட்கள் வருவதைத் தடுத்தது.

இதையெல்லாம் காலத்தின் குறை என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விஷயம் தெரிந்தவர் சொன்னால் அரசு செய்யும் என்ற நம்பிக்கைதான் பாலைச் சுத்தமாக்கியது. அதே நம்பிக்கை, யார் பிள்ளை பெறலாம் என்பதையும் நிபுணர் முடிவு செய்யலாம் என்ற இடத்துக்குப் போனது. 'தகுதியற்றவர்களுக்கு' கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை இந்தியானா மாநிலம் 1907-இல் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 60,000-க்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளானார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கு 1927-இல் உச்ச நீதிமன்றம் வந்தபோது, 8-க்கு 1 என்று அந்த அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பேக்கரித் தொழிலாளர் வழக்கிலும் குழந்தைத் தொழிலாளர் வழக்கிலும் சட்டத்தின் பக்கம் நின்று எதிர்த் தீர்ப்பு எழுதிய அதே ஹோம்ஸ். அவரோடு கையெழுத்திட்டவர்களில், அதற்குள் உச்ச நீதிமன்ற நீதிபதியாகியிருந்த பிராண்டைஸும் இருந்தார். எதிர்த்து ஓட்டளித்த ஒரே நீதிபதி பியர்ஸ் பட்லர், முற்போக்குச் சட்டங்களுக்கு எப்போதும் குறுக்கே நின்ற பழமைவாதி. காரணம் எதுவும் அவர் எழுதி வைக்கவில்லை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இதுவரை வெளிப்படையாக ரத்து செய்யவும் இல்லை.